களத்தில் நின்ற இரட்டையர்



ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்த தானங்கள் நான்கு. அமைதியான ஊரில் இவற்றைச் செய்யலாம். குண்டுமழைக்கு நடுவே செய்தல் எளிதோ? 1884-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் இரட்டையராய்ப் பிறந்த நோயல் சவாஸ், கிறிஸ்டோபர் சவாஸ் ஆகியோர் செய்து காட்டினர். அவர்கள் நம் சமயத்தார் அல்லர். பின்னாளில் லிவர்பூல் பேராயரான ஒருவரின் மக்கள். ஆயினும் நற்குணம் எவரிடத்துக் காணினும் மகிழ்தலே பிரமோத பாவனை அன்றோ?

இருவரும் ஓட்ட வீரர்கள். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் ஓடினர், முதற்சுற்றைக் கடக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு ஆக்ஸ்போர்டில் நோயல் முதல் வகுப்பில் தேறியிருந்தார். கிறிஸ்டோபரோ தேர்வில் தவறினார், மனமும் முறிந்தார். ஒருவர் மருத்துவம் பயிலவும், மற்றவர் மீண்டும் தேர்வெழுதவும் இருவரும் அங்கேயே தங்கினர்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. படைப்பணி என்றாலே நம் குடும்பங்கள் தயங்கும். விரோதி ஹிம்சை பற்றிய விவாதமும் நெடியது. ஆனால் இவ்விருவர் ஏற்றது உயிர் பறிக்கும் பணியன்று. நோயல் படை மருத்துவ அதிகாரி; கிறிஸ்டோபர் படைக்குரு.

1916 ஆகஸ்டில், பிரான்சின் கியல்மோன் ஊரருகே, பகல் முழுதும் எதிரியின் கண்ணெதிரே காயமுற்றோர்க்கு மருந்திட்டார் நோயல். இரவில் நான்கு மணி நேரம் எதிரி வரிசைக்கு முன்பாகவே தேடி அலைந்தார். மறுநாள் உடலில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அன்றிரவே, பகைவர் பதுங்குகுழிக்கு 25 கஜ தூரத்தில் கிடந்த மூவரை மீட்டார். கடுங்காயமுற்ற ஏறத்தாழ 20 உயிர்கள் பிழைத்தன. விக்டோரியா கிராஸ் விருது கிட்டியது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில், தாமே காயமுற்ற பின்னும் இரண்டு நாள் களத்தை விட்டு அகலாது, உணவுமின்றி உழைத்து, ஆகஸ்ட் 4-ஆம் நாள் உயிர்நீத்தார். அவ்வுயரிய விருது இரண்டாம் முறையும் அவருக்கே வழங்கப்பெற்றது. அதனை இருமுறை பெற்றவர் இதுகாறும் மூவரே. மிலிட்டரி கிராஸ் பெற்ற கிறிஸ்டோபர் உயிருடன் திரும்பினார்.

ஔஷதமும் அபயமும் ஆயின. சாஸ்திர தானம் எஞ்சியது. வசதி குறைந்த மாணாக்கரும் ஆக்ஸ்போர்டில் பயில வேண்டும் என்று தந்தையார் கண்ட கனவு, அவர் மறைந்த மறு ஆண்டு, 1929-இல், புனித பேதுரு கல்விக்கூடமாக உருப்பெற்றது. அதன் முதல் தலைவர், அதே பல்கலைக்கழகத்தில் 22 ஆண்டுகளுக்கு முன் தேர்வில் தவறிய கிறிஸ்டோபரே.