பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

(தோட்டத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம லயங்களில் இன்னும் சில ஹொண்டா சி.டி. 125 ஓடுகின்றன. இரண்டு சிலிண்டர், நல்ல உழைப்பாளி. ஆனால் சாமான் தேடியே களைத்துவிட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் மறுபடி திறக்கும்வரை பழைய பைக்கின் விலையும் ஏறிப் போனது. இன்று ஒன்று வாங்குவதென்றால் சீட்டுக் காசும் அடகுக் காசும் சேர வேண்டியிருக்கிறது. அதில் பாதி அம்மாமார் கொழுந்து பறித்த காசு. அதனால்தான் அவர்களையும் கூப்பிட்டோம்.

முதலில் பைக்கைப் பார்க்காதீங்க, புத்தகத்தைப் பாருங்க. பதிவுப் புத்தகத்தில் 'அப்சலூட் ஓனர்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தப் பெயரை நீக்கும்வரை ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. விற்றவர் தவணை கட்டாவிட்டால் கம்பனிக்காரர் நம்ம வாசலுக்கு வந்து வண்டியைத் தூக்கிப் போவார். விற்றவரை எங்கே தேடுவது? 'ஓபன் பேப்பர்' வண்டியும் அப்படித்தான். நாலு கை மாறியிருக்கும், புத்தகத்தில் உள்ளவர் யாரென்றே தெரியாது. இஞ்சின் நம்பரும் செசி நம்பரும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். சுரண்டிய அடையாளம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிறகு வண்டி. விடியற்காலையில், இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் "நாளைக்கு வாறோம்" என்று சொல்லுங்கள். நம்ம ஊர்க் குளிரில் முதலில் வெள்ளையாக ஆவி வரும், அது பிழையில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. இஞ்சின் கழற்ற வேண்டிவரும். மீட்டரை நம்பாதீங்க, கால்மிதி ரப்பர் தேய்ந்திருப்பதைப் பாருங்க. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சமதரையில் எந்தப் பைக்கும் ஓடும். பின்னால் ஓர் ஆளை ஏற்றி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். டவுனுக்குப் போய்வர 100 சீ.சீ. போதும், பெட்ரோலும் மிச்சம். ஆனால் மாதாமாதம் இரண்டு பேர் மூட்டையோடு றம்பொடை வழியாக 6,000 அடிக்கு மேல் நுவரெலியா ஏறுபவருக்கு 125க்குக் குறைந்தது சரிவராது. இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே பிடித்து வந்தால் டிரம் சூடேறிப் பிடி விட்டுப்போகும். சிறிய கியரில் இறங்குங்கள்.

வாங்கிய கையோடு செயின் செட், டயர், காப்புறுதி என்று செலவு வரும். அதற்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டே விலை பேசுங்கள். புத்தகத்தை வாசிக்கச் சிரமமென்றால், காசு கொடுக்கிறதுக்கு முந்தி அதன் போட்டோ பிரதியை எங்கள் கந்தோருக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.