சர்வே கல் நடுவதற்கு முன்...

(சாலவாக்கத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உத்திரமேரூரிலிருந்து இங்கே வருவதற்குள் எத்தனை ஜல்லி லாரிகளுக்கு ஒதுங்கி நின்றேன் தெரியுமா? இந்தச் சுற்றுவட்டாரத்து மலைகளை உடைத்து ஊருக்கெல்லாம் சாலை போடுகிறார்கள். உங்களுக்குக் கிடைத்தது புழுதி. இனி விமான நிலையம் வேறு வருகிறது.

பரந்தூரைச் சொல்கிறேன். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். விளைநிலமும் ஏரியும் வீடும் போகும் என்று ஏகனாபுரம் மக்கள் அன்று தொடங்கிய போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டியது. 2025-இல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. நிலம் வாங்கும் பத்திரப் பதிவும் அதே ஆண்டு தொடங்கிவிட்டது.

பரந்தூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே, நாம் தெற்கே, நமக்கென்ன என்று கேட்பீர்கள். விமான நிலையம் தனியாக வருமா? சாலையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். பெங்களூரு விரைவுச்சாலை ஒரு பக்கம். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சென்னை எல்லைச் சாலை இன்னொரு பக்கம். இவற்றை இணைக்க நாளை எந்த ஊர் வழியாகக் கோடு விழும்? சாலவாக்கத்தின் மேல்தான் விழும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர் புரோக்கர். அவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்! ஆனால் கோடு விழுந்த பிறகு விழித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

சென்னை – சேலம் எட்டு வழிச்சாலை நினைவிருக்கிறதா? 277 கிலோமீட்டர், நம் காஞ்சிபுரம் மாவட்டமும் அதில் உண்டு. 2018-இல் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முறைப்படி புதிதாகத் தொடரலாம் என்றது. இடையில் அந்தக் கோட்டுக்குள் இருந்த நிலத்தை யார் வாங்குவார்? யார் அடமானம் பிடிப்பார்? கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவர் கையைப் பிசைந்து நின்றார்.

முன்கூட்டியே திட்டமிடுவது கெட்டதல்ல. வீடும் கடையும் எழும்பும் முன்பே எதிர்காலச் சாலைக்கு இடம் ஒதுக்கிவிட்டால் இடிபடும் வீடு குறையும். கடைத்தெருவை அகலப்படுத்தி அழிப்பதைவிட ஊருக்கு வெளியே புறவழி போடலாம். ஏரியைச் சுற்றிப் போகலாம். ஆனால் ஒதுக்கிவிட்டு வாங்காமலே இழுத்தடிப்பது என்ன நியாயம்? 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமே, ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் எடுக்காவிட்டால் விடுவிக்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்கிறது. இதைத் தெரிந்து கேட்டவர் எத்தனை பேர்?

வணிகர்களே! இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

என் மைத்துனர் ஒருவர் வேறொரு மாவட்டத்தில் சாலையோரம் பதினோரு ஆண்டுகள் டீக்கடை வைத்திருந்தார். வாடகைக் கடை. அகலப்படுத்த வந்தார்கள். கட்டடத்துக்காரருக்கு இழப்பீடு வந்தது. இவர் போய் நின்றபோது, "நீங்கள் இங்கே கடை வைத்திருந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். வாடகை ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை, மின் இணைப்பு அவர் பெயரில் இல்லை. ஊரே அவர் டீயைக் குடித்தது. ஒரு காகிதம் சாட்சி சொல்லவில்லை. அப்போது நான் மேடையில் பெரிய பெரிய விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தேன். என் தங்கை வீட்டுக்காரரிடம் ஒரு ரசீது வாங்கி வை என்று சொல்லத் தோன்றவில்லை.

2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர் மட்டுமல்ல. நிலமே இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டுகளாக அங்கே வாடகைக்கோ வாரத்துக்கோ இருந்து பிழைப்பை இழப்பவரும் அதில் வருகிறார். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தமாட்டார்கள். ஆனாலும் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அளவில்தான். உரிமை இருக்கிறது, நிரூபிக்கத்தான் காகிதம் இல்லை!

நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கசப்பான சேதி. இழப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அரசின் வழிகாட்டி மதிப்பையும், முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? இருபது லட்சத்துக்கு வாங்கி எட்டு லட்சம் என்று எழுதுகிறோம். தராசில் குறைத்தால் ஹராம் என்பவர், பத்திரத்தில் குறைத்தால் சாமர்த்தியம் என்கிறார்! உங்கள் பொய், பக்கத்து வயலை வைத்துப் பிழைக்கும் விதவையின் நிலத்துக்கும் விலை வைக்கிறது. முத்திரைத்தாளில் நீங்கள் மிச்சம் பிடித்ததை அவள் இழக்கிறாள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, பள்ளிவாசல் நிலமும் கபரஸ்தானும் எந்தச் சர்வே எண்ணில் இருக்கின்றன? முத்தவல்லியின் ஞாபகத்தில் இருந்தால் போதாது. வக்ஃப் வாரியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வக்ஃப் நிலத்தை எடுத்தால் வாரியத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பதிவே இல்லாத இடத்துக்கு யார் நோட்டீஸ் கொடுப்பார்?

இளைஞர்களே! தேசிய நெடுஞ்சாலை என்றால், அரசிதழில் அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாள்தான் ஆட்சேபணைக்கு. எழுத்தில் கொடுக்க வேண்டும். அறிவிக்கையின் சாரம் தமிழ்ப் பத்திரிகையிலும் வரும். நாம் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்தால்?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பத்துக் கிலோமீட்டரோ என்னவோ தள்ளி, உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏரிக்கென்று தனி வாரியமே வைத்திருந்தார்கள், கணக்குக் காட்டாதவனை மறுபடி சேர்க்கவில்லை. அந்தப் பெருமையைப் பேசுகிற நாம் போன கிராம சபைக்குப் போனோமா? போங்கள். மற்றச் சமுதாயத்து விவசாயிகளோடு உட்காருங்கள். சாலை வந்தால் எந்த ஏரி தப்ப வேண்டும், எந்தத் தெரு தப்ப வேண்டும் என்று ஒரே தீர்மானமாக எழுதுங்கள். கோடு மதம் பார்த்து விழாது.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு இதே இடத்தில் உட்காருவோம். நிலம் உள்ளவர் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று கொண்டு வாருங்கள். கடைக்காரர் கடைசியாக வாடகை கொடுத்த ரசீதைக் கொண்டு வாருங்கள். ரசீது இல்லாதவரும் வாருங்கள். கட்டட உரிமையாளரையும் கையோடு அழைத்து வாருங்கள். ஒப்பந்தம் எழுதத் தெரிந்த இரண்டு பேரை நான் கூட்டி வருகிறேன்.