காத்திராத கணிப்பொறி



நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சை இலையைப் பரப்பி வாட்டும் நீண்ட தொட்டிகளைக் காணாதார் இவ்வவையில் இரார். கொழுந்து பறிக்கும் பெண்கள் இலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு மீண்டும் செடிகளிடையே சென்றுவிடுகின்றனர். உருட்டும் இயந்திரம் தன் வேகத்திலேயே இலையை ஏற்கும். அதன்பொருட்டுப் பறிப்பவர் கைகட்டி நிற்பதில்லை. இரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைத் தொட்டி தாங்கிக்கொள்கிறது. (தொட்டியில் கிடந்தால் இலை பதப்படும், எழுத்துக்கு அந்தப் பேறு இல்லை. உவமை அவ்வளவில் நிற்க.)

1975இல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்னும் நுண்கணிப்பொறி வெளிவந்தது. ஆர்வலர்கள் உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்ட பொறி அது. அதிலும் அதன் வழிவந்த பொறிகளிலும் இத்தகைய தொட்டி தொடக்கத்தில் இல்லை. அச்சிடுமாறு ஆணையிட்டால், கடைசி எழுத்து தாளில் விழும்வரை பொறி வேறெதற்கும் செவிசாய்க்காது. எழுதுவோர் வெறுமனே அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

அக்காத்திருப்பு எத்துணை வீண் என்பதைக் கணக்கிட்டுக் காணலாம். 1980இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 அச்சுப்பொறி நொடிக்கு 80 எழுத்துகளை அச்சிட்டது. ஆல்டேரின் இன்டெல் 8080 செயலியோ நொடிக்கு 20 இலட்சம் முறை துடிப்பது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 25,000 துடிப்புகள் கழிகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகளை அதற்குள் நிறைவேற்றிவிடலாம். கண்ணிமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார் தொல்காப்பியர். அந்த ஒரு மாத்திரைக்குள் இவ்வளவு அடங்குமென்று கண்டிருந்தால் அவர் வேறோர் அளவையும் வகுத்திருப்பார் போலும்.

கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் என்னும் இயக்க முறைமையில் இதற்கு வழி பிறந்தது. அதில் விசைப்பலகை, அச்சுப்பொறி, வட்டு ஆகியவற்றோடு பேசும் பகுதியை அவரவர் பொறிக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம். செய்தி எளிது. அடுத்த விசை அழுத்தப்படுமா என்று பொறி காத்திருக்கும் இடைவெளியில், அச்சுப்பொறியை நோக்கி ‘ஆயத்தமா?’ என்று ஒருமுறை கேட்பது. ஆம் எனில் ஓர் எழுத்தை அனுப்பிவிட்டுத் திரும்புவது. 1979இல் வந்த சிபி/எம் 2இல் இவ்வாறு கேட்பதற்கென்றே லிஸ்ட்எஸ்டி என்னும் வாயில் சேர்க்கப்பட்டது. டெஸ்பூல் என்னும் பின்னணி அச்சு நிரல் அதனைப் பயன்படுத்திற்று.

ஆயினும் நெடுங்கணக்கு ஒன்றில் பொறி மூழ்கி, விசைப்பலகையை நோக்காதிருந்தால் அச்சும் நின்றுவிடும். ஆகவே, கடிகாரத் துடிப்பால் செயலியை இடைமறித்து எழுத்தனுப்பும் முறையைச் சிலர் மேற்கொண்டனர். அதில் வேறோர் இடர். 8 அங்குல நெகிழ்வட்டு, 32 மைக்ரோ நொடிக்கு ஒரு பைட்டு வீதம் தரவு தரும். அந்நேரத்தில் இடைமறித்தால் ஒரு பைட்டு தவறிவிடும். அச்சின்பொருட்டு மூலமே சிதைந்துபோகும். வட்டு இயங்கும்வரை இடைமறிப்பைத் தடுத்து வைப்பதே அதற்குக் காப்பு.

இவையெல்லாம் ஆங்கில எழுத்துக்கு. தமிழெழுத்துக்கு இவ்வசதி இன்னும் மிகுதியாகத் தேவைப்பட்டது. அச்சுப்பொறியின் நினைவகத்தில் தமிழ் வடிவங்கள் இல்லாமையால், பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிப் படமாகவே அனுப்ப வேண்டியிருந்தது. ஆங்கில வரி ஒன்றுக்கு 80 பைட்டுகள் போதும். எப்சன் பொறியின் அடிப்படைப் படமுறையில் அதே 8 அங்குல வரிக்கு 480 பைட்டுகள் வேண்டும். மேல் விலங்கும் கீழ் விலங்கும் 8 புள்ளி உயரத்துள் அடங்காவிடின் அச்சுத்தலை ஒரே வரியில் இருமுறை ஓட வேண்டும், 960 ஆயிற்று.

1983இல் வந்த டாஸ் 2.0 முறைமையில் பிரிண்ட் என்னும் பின்னணி அச்சு ஆணை இருந்தது. புள்ளிகளை வட்டில் கோப்பாக எழுதிவைத்து அதனிடம் ஒப்படைக்கலாமே எனத் தோன்றும். அங்கேதான் முட்டுக்கட்டை. அவ்வாணை எழுத்துக் கோப்புகளுக்கென அமைந்தது. 26 என்னும் எண்ணைக் கண்டால் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும்; 9 என்னும் எண்ணைக் கண்டால் அதற்கு ஈடாக வெற்றிடங்களை நிரப்பும். ஒரு தமிழெழுத்தின் ஏதேனும் ஒரு செங்குத்து வரிசையில் மேலிருந்து 4, 5, 7ஆம் புள்ளிகள் மட்டும் அமைந்தால் அதன் எண் 26. வளைவுகள் மலிந்த நம் எழுத்தில் அத்தகைய வரிசை அமைவதில் வியப்பில்லை. அவ்விடத்தில் அச்சு அறுந்துவிடும்.

காப்பி ஆணையோடு ‘/பி’ என்னும் குறியைச் சேர்த்தால் புள்ளிகள் பழுதின்றிப் போய்ச்சேரும். ஆனால், முழுவதும் போய்ச்சேரும்வரை விசைப்பலகை வாளாவிருக்கும். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செயலியை உருவாக்கியபோது நிலவிய சூழல் இது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0இன் அச்சு மேலாளரோ, வருவது எழுத்தா புள்ளியா என்று ஆராயாமல், வந்தவற்றை வந்தபடியே பின்னணியில் அனுப்பியது.