நாள்தோறும் தளரும் உடலோடு வாழ்தல்

(பத்மநாபபுரத்தில் நம் சங்கத்தார் கூடிய மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர்க் கொட்டாரத்தைக் காண வருவோருக்கு அங்குள்ள மூலிகைக் கட்டிலைக் காட்டுதல் வழக்கம். 64 வகை மருந்து மரங்களால் ஆனது என்று கூறுவர். அதனைக் கண்டு வியந்து மீளும் நம்மவர், நோயுற்றவனைக் கட்டிலிற் கிடத்துதலே வைத்தியம் என்ற எண்ணத்தையும் உடன்கொண்டு போவரோ என்று யாம் ஐயுறுவதுண்டு. சில நாளில் நீங்கும் சுரத்துக்கு அது பொருந்தும். ஆண்டுக்காண்டு வளர்ந்து வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் நோய்க்குப் பொருந்தாது. அத்தகைய நோயுடையார் நிறைவாழ்வு வாழ்தல் எங்ஙனம் என்பதே யாம் இன்று பேசப் புகுந்த பொருள்.

நரம்பையும் தசையையும் படிப்படியே தளர்த்தும் நோய்கள் பல. கம்பவாதம் என நம் முன்னோர் கூறியதும், 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்து எழுதியதும் பெரும்பாலும் ஒன்றே. அதற்கு நாட்டு வைத்தியர் வழங்கிய பூனைக்காலி விதையில், இக்கால வைத்தியர் கொடுக்கும் லெவோடோபா என்னும் அதே பொருள் உளது. (இதனைக் கேட்டு எவரும் தாமே விதையை அரைத்து உண்ணப் புகவேண்டா.) முதுமையில் வரும் அந்நோயினும் குடும்பத்தை மிகுதியாக நிலைகுலையச் செய்வது இளம்பிராயத்தில் வரும் தசைச்சிதைவு நோய். அதன் டுஷேன் வகை பெரிதும் ஆண்மக்களையே பற்றும். மூன்று நான்கு வயதிற் பிள்ளை அடிக்கடி விழும். தரையினின்று எழுங்கால் தன் தொடைமேலேயே கையூன்றி ஏறுவதுபோல் எழும். கெண்டைக்கால் பருத்துத் தோன்றும். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடும். முற்றத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆயினும் ஸ்டீராய்டு மருந்து நடை நிற்பதைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும். இரவில் மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி ஆயுளை நீட்டும். முற்றும் குணமாக்குவோம் என்று வாக்களித்து, வயலை விற்கச் செய்வோரிடம் மிக்க எச்சரிக்கை வேண்டும்.

தசைச்சிதைவு நோயாற் சிறுபிராயத்திலேயே பற்றப்பட்டும் பெருவாழ்வு வாழ்ந்தோர் நம் நாட்டில் உளர். சேலத்து வானவன் மாதேவியும் அவர் தங்கை இயல் இசை வல்லபியும் அத்தகையோர். (இராசராச சோழனை ஈன்ற அரசியின் பெயரும் வானவன் மாதேவியே.) எழவும் நடக்கவும் பிறர் கை வேண்டிய நிலையில் அவ்விருவரும் 2009-ல் ஆதவ் அறக்கட்டளையை நிறுவித் தம்மையொத்த நோயாளர்க்காக உழைத்தனர். வானவன் மாதேவி 2017 ஜனவரியில் மறைந்தார். நோய் அவர்பால் இரக்கங் காட்டவில்லை. அவரும் அதற்கு அஞ்சிக் காத்திருக்கவில்லை. படிக்க நூல்களும், தேடிவரும் நண்பர்களும், மறுநாள் செய்யவேண்டிய வேலையும் அவர்க்கு இருந்தன. நிறைவாழ்வு என்று யாம் கருதுவது இதனையே.

இன்னும் அண்மையில், தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் உளது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் அதனைத் தொடங்கினார். அவரது குறை விபத்தால் வந்தது. 1992-ல் அவரோடு சேர்ந்த சங்கரராமனோ தசைச்சிதைவு நோயுடையவர், சார்ட்டர்டு அக்கவுண்டண்ட். கணக்கையும் நிர்வாகத்தையும் அவர் சக்கர நாற்காலியிலிருந்தே நடத்தி வந்தார்.

ஸ்டீபன் ஹாக்கிங்கையும் சிலர் எடுத்துக்காட்டுவர். 1963-ல் இரண்டாண்டே ஆயுள் என்று வைத்தியர் கூறியும், அவர் 2018 வரை வாழ்ந்து பேராராய்ச்சிகள் செய்தமை உண்மை. எனினும் அந்நோயுற்றாரிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளே வாழ்வர். அரிதாக ஒருவர்க்கு வாய்த்ததைக் காட்டி, 'நீயும் அவ்வாறு செய்' என்று நோயாளியை நெருக்குதல் கொடுமை. தன் மகளின் பாடத்தைத் திருத்தவும், வீட்டுக் காரியத்தில் தன் சொல்லைச் சொல்லவும் முடிந்தாலே அதுவும் முழுவாழ்வுதான்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. பிள்ளை இருமுறை விழுந்தவுடன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுகிறோம். சக்கர நாற்காலி என்றால் தோல்வி என்றெண்ணி, எலும்பு முறிந்த பின்னரே அதனை வாங்குகிறோம். வளரும் நோய்க்குக் கருவி முன்னரே வந்து காத்திருத்தல் வேண்டும். நோய் ஓரடி முந்தும்போதெல்லாம் ஒரு வேலை கைநழுவிப் போகும். விருந்தினர் வருங்கால் நோயாளியை உள்ளறைக்கு மாற்றிக் கதவைச் சார்த்தும் வழக்கத்தைப் பற்றி யாம் என் சொல்வோம்! மற்றப் பிள்ளைகளின் கலியாணம் கெடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பதை இச்சபையில் அறியாதார் இலர்.

அவ்வச்சத்தில் ஒரு பகுதி உண்மை. மறைத்தலால் அது வளருமேயன்றிக் குறையாது. தசைச்சிதைவில் வேறு சில வகைகள், இரு மரபிலும் ஒரே குறை மறைந்திருந்து கூடும்போது வருவன. நெருங்கிய உறவில் மணம் செய்யும் நம்போன்ற சமூகங்களில் அதற்கு இடம் மிகுதி. டுஷேன் வகை அத்தகையதன்று. பெரும்பாலும் தாய்வழி வரும், ஆயினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புதிதாகவே தோன்றும். ஆதலால் மருமகளைப் பழித்தல் அறமுமன்று, அறிவுமன்று. சாதகம் பார்க்குமுன் வைத்தியரிடம் மரபுச் சோதனை பற்றிக் கேட்பதற்கு நாணம் எதற்கு?

2016-ஆம் ஆண்டுச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கிற்று. தசைச்சிதைவும் பார்க்கின்சன் நோயும் அவற்றுள் அடங்கும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும். சான்று பெறும் வழியை நாகர்கோயிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தார் கூறுவர்.

முடிவாக நம் சங்க மண்டபத்தைப் பற்றி ஒரு சொல். அதன் வாயிற்படிகள் இரண்டடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னீரடி நீளம் வீதம் 24 அடிச் சாய்தளம் அமைக்க முற்றத்தில் இடம் உண்டு; செலவைச் செயற்குழு இம்மாதமே மதிப்பிடுதல் வேண்டும். தம் வீட்டில் இத்தகைய நோயாளர் உளர் என்போர் காரியதரிசியிடம் தனியே தெரிவிக்கலாம். பெயர் பத்திரிகையில் வெளிவராது. சாய்தளம் முடிந்ததும் அவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வருவதற்கு வண்டிக்கும் ஏற்பாடு செய்வோம்.