படகு நிக்கும், பேட்டரி நிக்காது: கட் ஆஃப் சுவிட்ச் பத்தி கொஞ்சம்

ஒரு மாசம் வெளியூர் போயிட்டு வந்து காரை ஸ்டார்ட் பண்ணா, சில நேரம் டிக் டிக்னு சத்தம் மட்டும்தான் வரும். கேம்பர் வேன் வச்சிருக்கவங்க இதுக்காகவே பேட்டரி பக்கத்துல ஒரு கட் ஆஃப் சுவிட்ச் மாட்டுவாங்க. அதே சுவிட்ச் மீன்பிடிப் படகுல என்ன செய்யும்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அங்க இருக்கிற மீனவ ஊர்கள்ல ஒண்ணு பசியாவரம். புயல் எச்சரிக்கை வந்தா படகுகள் கரையிலதான். பக்கத்துலயே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுற நாள்லயும் கடலுக்குப் போகக் கூடாதுன்னு அறிவிப்பு வரும்.

படகு நிக்கும், பேட்டரி நிக்காது. வயர்லெஸ், ஜிபிஎஸ், விளக்கு எல்லாத்துக்கும் ஒரே 12 வோல்ட் பேட்டரின்னு வைங்க. உப்புக் காத்துல ஈரமான வயர் வழியா 50 மில்லி ஆம்ப் கசிஞ்சா, ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாள்ல பாதி காலி. லெட் ஆசிட் பேட்டரி அப்படியே கிடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு ஆயுசும் குறையும்.

சுவிட்சைத் திருப்பினா இந்தக் கசிவு நிக்கும். வயர் கருகுற வாசனை வந்தாலும் ஒரே திருப்புல மொத்த கரண்டையும் நிறுத்தலாம். ஃபைபர் படகுல தீ பிடிச்சா ஓட இடம் கிடையாது, அதனால இது பெரிய விஷயம்.

ஆனா மூணு எச்சரிக்கை.

ஒண்ணு, எஞ்சின் ஓடும்போது ஆஃப் பண்ணாதீங்க. சார்ஜ் ஆகிட்டிருக்கிற பேட்டரி திடீர்னு விலகினா வோல்டேஜ் எகிறும். ஆல்டர்னேட்டர் டயோடு, வயர்லெஸ், ஜிபிஎஸ் எல்லாம் போகலாம். முதல்ல எஞ்சின், அப்புறம் சுவிட்ச்.

ரெண்டு, படகுக்குள்ள சேர்ற தண்ணிய தானா இறைக்கிற பம்ப் இருந்தா, அதுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸோட தனி வயர் வேணும். இல்லன்னா, ராத்திரி மழையில பம்ப் ஓடாது, கட்டி வச்ச படகு அப்படியே மூழ்கும்.

மூணு, சுவிட்சும் உப்புல அரிக்கும். முனையில பச்சை பூத்தா, குமிழ் 'ஆன்'ல இருந்தும் கரண்ட் சரியா போகாது. விளக்கைப் போட்டுட்டு சுவிட்சோட ரெண்டு முனைக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட் காட்டினா, இல்ல தொட்டா சூடா இருந்தா, சுத்தம் பண்ணுங்க, இல்ல மாத்துங்க.

இதெல்லாம் கரையில, பகல்ல பார்க்க வேண்டிய வேலை. நடுக்கடல்ல எஞ்சின் நின்னா, உதவி கேட்க இருக்கிறது வயர்லெஸ்ஸோட 16-ஆம் சேனல். அதுக்கும் உயிர் கொடுக்கிறது இதே பேட்டரிதான்.

வேன் வச்சிருக்க நண்பருக்கு இதை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.