பரீக்ஷை முன், பத்தியம் பின்
(சோழவந்தானில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



வைகைப் பாசனத்தில் நெல்லும், கொடிக்காலில் வெற்றிலையும் விளையும் இவ்வூரில் நின்று கோதுமையைப் பற்றிப் பேசுகின்றேனே என்று தாங்கள் வியக்கலாம். என் இல்லத்தில் நேர்ந்த சங்கடமே என்னைப் பேசத் தூண்டிற்று.

டில்லியில் வாழ்க்கைப்பட்ட என் மூத்த குமாரத்தி, இரண்டாண்டுகளாக வயிற்றுப்போக்கினாலும் இரத்தக் குறைவினாலும் மெலிந்தாள். இளைப்பாற இங்கு வந்தவள் சோறும் இட்டிலியும் உண்டு சில திங்களில் தேறினாள். "கோதுமைதான் பகை, அடியோடு விட்டுவிடு" என்றனர் உறவினர். ஆறாம் மாதம் இரத்தப் பரீக்ஷை செய்வித்தோம். நோயில்லை என்று முடிவு வந்தது. அதனைக் கண்ட வைத்தியரோ, "கோதுமை உண்டு எத்தனை நாளாயிற்று?" என்று வினவினார். அவ்வொரு வினாவில் எங்கள் மகிழ்ச்சி கரைந்தது.

சீலியாக் என்னும் இந்நோயின் தன்மை இது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. இந்நோயுடையார் அதனை உண்டால், சரீரத்தின் காவற்படையே சிறுகுடலின் உட்புறத்தைச் சிதைக்கும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பெருகும். பரீக்ஷை தேடுவது இவ்வெதிர்ப்பொருளையே. உணவை நிறுத்தினால் அது நாளடைவில் மறையும், குடற்புண்ணும் ஆறும். பின்னர்ச் சோதிப்பது, மழை பெய்து அடிச்சுவடு அழிந்தபின் கள்வனைத் தேடுவதை ஒக்கும்.

அரிசி உண்ணும் நமக்கு இந்நோய் ஏது என்பாரும் உளர். இந்தியாவில் 23,331 பேரைச் சோதித்து 2016-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், எதிர்ப்பொருள் உடையார் வடக்கே நூற்றுக்கு 1.23, தெற்கே 0.10 எனக் கண்டனர். நாளொன்றுக்குக் கோதுமை உண்ணும் அளவோ வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறுகள் இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. பரோட்டாவும் சப்பாத்தியும் நம் இல்லங்களில் பெருகிவரும் இந்நாளில் இது சிந்திக்கத்தக்கது.

"பரீக்ஷைக்காக நோயை விலைக்கு வாங்குவதா, அப்பா?" என்று கேட்டாள் என் மகள். எனக்கு விடை தோன்றவில்லை. வைத்தியர் முதலில் மரபணுப் பரீக்ஷை செய்வித்தார். அதற்குக் கோதுமை உண்ண வேண்டுவதில்லை. அம்மரபுக்கூறு இல்லையெனில் இந்நோய் பெரும்பாலும் இல்லையென்றே கொள்ளலாம். அவளுக்கோ இருந்தது. ஆகவே நாள்தோறும் 3 கிராம் குளூட்டன், அஃதாவது ஏறக்குறைய ஒரு சப்பாத்தி, இரண்டு வாரம் உண்பதென்றும், தாங்கக்கூடுமாயின் எட்டு வாரம் வரை நீட்டுவதென்றும் விதித்தார். அவள் தாய் கண்ணீரோடு மாவு பிசைந்தாள். எட்டு வாரம் பொறுத்தாள் என் மகள். எதிர்ப்பொருள் தென்பட்டது, உள்நோக்கிக் கருவியால் எடுத்த குடற்சதையும் நோயை உறுதிப்படுத்திற்று.

உறுதியால் பயனென்ன? இப்பத்தியம் ஆயுட்காலம் முழுவதும் காக்கவேண்டியது; கோதுமை மாவு கலந்த பெருங்காயத்தையும் விலக்கவேண்டும். ஐயத்தின்மேல் அத்தனை கட்டுப்பாடு நிலைக்குமோ? அன்றியும், பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும். என் மகளின் பரீக்ஷையால் நாங்கள் யாவரும் சோதித்துக்கொண்டோம்.

ஆயினும் எல்லோரும் இவ்வாறு உண்க என்று நான் கூறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், பருவமடைந்து வளரும் பிள்ளைகளுக்கும் இச்சோதனை தகாது என்பர். கடும் உபாதையுடையார் வைத்தியர் துணையின்றித் துணியலாகாது.

இன்னும் கோதுமை உண்டுவருவோருக்கே என் விண்ணப்பம். ஐயம் தோன்றிய அன்றே, அதனை நிறுத்துமுன், வைத்தியரிடம் செல்லுங்கள். அவ்வாறு செய்திருந்தால் என் மகளுக்கு அவ்வெட்டு வாரத் துன்பம் நேர்ந்திராது. பரீக்ஷை முன், பத்தியம் பின்.