மலைநகரின் தடைப் பலகைகள்: குன்னூரை முன்வைத்து

பொது இடத்தில் நின்று, அவ்விடத்தைக் கடப்போரை ஒரு செயலிலிருந்து விலக்கவோ, நேரக்கூடிய தீங்கைச் சொல்லி எச்சரிக்கவோ செய்யும் எழுத்தையும் குறியையும் தாங்கிய பலகையை இவ்வுரை 'தடைப் பலகை' என்ற ஒரே பெயரால் சுட்டுகிறது. விளம்பரப் பலகையும் ஊர்ப்பெயர்ப் பலகையும் இதில் அடங்கா. விளம்பரப் பலகைகளின் பெருக்கம் குறித்து நீதிமன்ற வழக்குகளும் அரசு விதிகளும் ஏராளமாக உண்டு. தடைப் பலகைகளின் பெருக்கத்தை எவரும் குறையாகக் கருதுவதில்லை, ஏனெனில் நன்மைக்காக நிற்பது என்னும் பெயரே அதற்குக் காவலாக இருக்கிறது. அந்தப் பெயருக்கு அது எவ்வளவு தூரம் தகுதியுடையது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆய்வுக்குரிய ஊராக நீலகிரி மாவட்டத்துக் குன்னூர் கொள்ளப்பட்டதற்குக் காரணம் அதன் நிர்வாக அமைப்பாகும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45,000 பேர் வாழும் இந்நகரின் தெருக்களுக்கு நகராட்சியும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் மலைப்பாதைக்கு நெடுஞ்சாலைத் துறையும், மலை ரயில் பாதைக்கு ரயில்வேயும், சிம்ஸ் பூங்காவுக்குத் தோட்டக்கலைத் துறையும், காட்டுக்கு வனத்துறையும், கம்பங்களுக்கு மின் வாரியமும் பொறுப்பு. ஊரை ஒட்டிய வெலிங்டன் கன்டோன்மென்ட் வாரியத்துக்கும் ராணுவத்துக்கும் உரியது. எஞ்சிய சரிவுகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களின் எல்லைக்குள் அடங்கும். ஆக, ஒரு மணி நேர நடையில் ஒருவர் ஏழெட்டு ஆட்சிகளின் எல்லைகளைக் கடக்கிறார். ஒவ்வோர் எல்லையிலும் அந்தந்த ஆட்சி தன் பங்குக்கு ஒரு தடையை எழுதி வைத்திருக்கிறது. பூப்பறிக்கக் கூடாது, தண்டவாளத்தில் நடக்கக் கூடாது, புகைப்படம் எடுக்கக் கூடாது, குரங்குக்கு உணவு கொடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது என்று தனித்தனியே பார்த்தால் எந்தத் தடையும் அநியாயமானதன்று. பல துறைகள் ஒன்றையொன்று கேளாமல் நட்டவை ஒரே கண்ணில் வந்து விழுவதுதான் சிக்கல்.

இப்பலகைகளுள் சில சட்டத்தாலேயே கட்டாயமானவை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நடுத்தர அழுத்தமும் அதற்கு மேற்பட்ட அழுத்தமும் உள்ள மின்னமைப்புகளில் மண்டையோடும் எலும்பும் வரைந்த அபாய அறிவிப்பை, இந்தி அல்லது ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் எழுதிப் பொருத்த வேண்டும் என்றன. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வந்து 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையான விதிகளோ, பொது இடங்களின் நுழைவாயிலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் புகைபிடிக்கத் தடை என்னும் பலகை இருக்க வேண்டும் எனப் பலகையின் அளவையும் வகுத்தன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. முன்னது, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தை எழுத்தறியாதவருக்கும் படத்தால் காட்டுகிறது; அதை எடுத்துவிட்டால் ஓர் உயிர் போகலாம். பின்னதில் பலகை மாட்டுவதே கடமையின் நிறைவேற்றமாகிவிடுகிறது. சோதிக்க வரும் அலுவலர் பலகை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதன் அடியில் கிடக்கும் பீடித் துண்டுகளை எண்ணுவது அவருடைய படிவத்தில் இல்லை.

சாலைக் குறிகளுக்கு இந்திய சாலைப் பேராயம் வகுத்த இலக்கணம், கீழ்ப்படிய வேண்டிய கட்டளைகளைப் பெரும்பாலும் வட்டத்திலும், எச்சரிக்கைகளை முக்கோணத்திலும், தகவல்களைச் செவ்வகத்திலும் அமைக்கிறது. படிக்காமலே உருவத்தால் அறிய வேண்டும் என்பதே இந்த வடிவ வேறுபாட்டின் நோக்கம். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் இதன் அருமை விளங்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் கடக்கிறது. பத்துச் சொற்கள் கொண்ட பலகையைப் படிக்க ஓட்டுநருக்கு மூன்று நொடி பிடித்தால், படித்து முடிக்கும்போது வண்டி 25 மீட்டர் போயிருக்கும், அதற்குள் வளைவே வந்துவிடும். மனைவி மக்கள் வீட்டில் காத்திருப்பதை எதுகை மோனையோடு நினைவூட்டும் பலகைகள் இந்தக் கணக்கை அறிந்தவர்களால் எழுதப்பட்டவை அல்ல.

அதே பாதையில் சொற்சிக்கனத்தோடு நிற்பவை கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகள். இவை எதையும் தடுப்பதில்லை. பதினான்கு வளைவுகளில் இது எத்தனையாவது என்று மட்டும் சொல்கின்றன. ஆயினும் முதல்முறை வரும் ஓட்டுநருக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்பதையும், விபத்து நேர்ந்தால் ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்பதையும் ஒரே எண் தெரிவித்துவிடுகிறது. அடுத்த நிலையில் வைக்கத்தக்கது, இறங்கும் வண்டிகளைக் குறைந்த கியரில் வரச் சொல்லும் பலகை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உராய்வால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். குறைந்த கியரில் என்ஜினே வேகத்தைத் தடுத்துக்கொள்ளும். சமவெளி ஓட்டுநருக்கு இது பழக்கமில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்ததை நினைவில் வைத்திருக்கும் பாதை இது. 'கவனம்' என்னும் சொல் அங்கே எதையும் கற்பிப்பதில்லை. 'இரண்டாம் கியர்' என்பது கற்பிக்கிறது.

காட்டுமாட்டுப் பலகை வேறொரு குறையைக் காட்டுகிறது. குன்னூரின் குடியிருப்புகளுக்குள்ளும் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் காட்டுமாடுகள் பகலிலேயே நடமாடுவது இன்று செய்தியே அன்று. விலங்கு நடமாடுகிறது, பலகை நகர்வதில்லை. நாள்தோறும் அதன் வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கு மாடு இல்லாத நாள்களே மிகுதியாதலால், படம் அவனுக்குச் சுவரின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மாடு வந்து நிற்கும் நாளில் அவனை எச்சரிப்பது எதிரே வரும் ஆட்டோக்காரரின் குரலே.

தனியார் பலகைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இங்கு அரசியல் பேசாதீர்' என்னும் தேநீர்க் கடை எழுத்தும், 'வாகனம் நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்னும் வாசற்கதவு எழுத்தும் தமிழகத்து ஊர்கள் அனைத்துக்கும் பொது. பின்னது சட்டத்துக்குப் புறம்பானதாயினும், தண்டனையை ஒளிவுமறைவின்றிச் சொல்வதால் அரசுப் பலகைகளைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிறுநீர் கழிக்காதீர் என்னும் எழுத்து மட்டும் தனியே நோக்கத்தக்கது. அது எழுதப்பட்ட சுவரிலிருந்து எட்டிய தூரத்தில் பெரும்பாலும் கழிப்பிடம் இருப்பதில்லை. கழிப்பிடத்துக்கு நிலமும் தண்ணீரும் துப்புரவுப் பணியாளரும் வேண்டும். எழுத்துக்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். குப்பைத் தொட்டி இல்லாத முனையில் குப்பை கொட்டாதீர் என்பதும், கைப்பிடிச் சுவர் இல்லாத பாறை விளிம்பில் அபாயப் பகுதி என்பதும் இதே இனம். செய்ய வேண்டியதைச் செய்யாத இடத்தில் பலகை முளைக்கிறது என்பதே இந்நகர் தரும் முதன்மையான சான்று.

பொறுப்பைக் கடப்பவர் தலையில் ஏற்றிவிடும் இந்த வழக்கத்தைச் சட்டம் எப்போதும் ஏற்பதில்லை. இடத்தை வைத்திருப்போர் அங்கு வருவோருக்குக் கடமைப்பட்டவர் என்பதை வரையறுக்கும் இங்கிலாந்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம், எச்சரித்துவிட்டால் மட்டும் பொறுப்பு நீங்காது, வருபவர் நியாயமான அளவு பாதுகாப்பாக இருக்க அந்த எச்சரிக்கை போதுமானதாக இருந்திருக்க வேண்டும் என்கிறது. இதை அளவுகோலாகக் கொண்டால் மலை ஊர்ப் பலகைகளில் எத்தனை தேறும் என்பது ஐயமே.

சாலைக் குறிகளையும் விளக்குகளையும் நீக்கிப் பார்த்த ஊர்களும் உண்டு. ஹான்ஸ் மாண்டர்மன் என்னும் டச்சுப் போக்குவரத்துப் பொறியாளரின் கருத்தை ஒட்டி, நெதர்லாந்தின் திராஹ்தன் நகரச் சந்திப்பில் சிக்னல் விளக்குகள் அகற்றப்பட்டன. ஜெர்மனியின் போம்தே என்னும் சிற்றூரும் 2008-இல் தன் முக்கியத் தெருவில் அவ்வாறு செய்தது. குறி இல்லாதபோது ஓட்டுநர் எதிரே வருபவரின் கண்ணைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார் என்பது அக்கருத்து. கண்ணைப் பார்க்க இயலாத பார்வையற்றோரின் அமைப்புகள் இதை எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஓட்டுநர்கள் பலர் வெளியூரிலிருந்து வருகிற, ஒருபக்கம் பள்ளமாக உள்ள மலைப்பாதைக்கு அம்முறை பொருந்தாது. எனவே இங்கு வேண்டுவது ஒழிப்பன்று, களையெடுப்பே.

அதற்கு அதிகாரம் இல்லாமலும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, போக்குவரத்துக் குறியை மறைக்கும் அல்லது ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்கும் பலகையை அகற்றக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலருக்கு மாநில அரசு அதிகாரம் அளிக்கலாம் என்கிறது. ஆனால் அது அதிகாரம் மட்டுமே, கடமை அன்று. நடாமல் விட்டதற்கு விபத்தின்பின் கேள்வி வரும், அகற்றாமல் விட்டதற்கு ஒருவரையும் எவரும் கேட்பதில்லை. தமிழக நகரங்களில் சில நாள்களே நிற்கும் டிஜிட்டல் பேனரில்கூட அனுமதி எண்ணும் அனுமதிக் காலமும் அச்சிடப்பட வேண்டும் என்று விதி இருக்க, ஆண்டுக்கணக்கில் நிற்கும் தடைப் பலகையில் நட்ட துறையின் பெயரோ நாளோ பெரும்பாலும் காணப்படுவதில்லை. பின்புறத்தில் அவ்விரண்டையும் எழுதி, குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வது பெரிய செலவன்று. நெடுஞ்சாலை, காவல், போக்குவரத்துத் துறைகளை ஒரே மேசையில் அமர்த்தும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு ஏற்கெனவே இருப்பதால், சாலையோரப் பலகைகளை அதனிடமே ஒப்படைக்கலாம். ரயில்வே நிலத்திலும் கன்டோன்மென்ட் எல்லையிலும் உள்ளவை மத்திய அரசின் கீழ் வருவதால், அவற்றுக்கு மட்டும் தனியே கடிதம் எழுத வேண்டியிருக்கும்.